கட்டைவிரல் தேய்ந்த இடம்

கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறும். அன்று காலையும் மாணிக்கவேல் குழியில் இறங்கி, சொம்பால் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினார். அடியில் கோணியைப் போட்டு மிதித்தார். ஈரக்காற்றில் தறியில் கட்டிய பாவு நூல் தளர்ந்து கிடந்தது. தணல் சட்டியைப் பாவுக்கு அடியில் எட்டத் தள்ளி வைத்துவிட்டுத் தறியில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் தேவேந்திரன் உட்காரும் பலகையில் அம்சா உட்கார்ந்திருந்தாள். மாணிக்கவேலின் மனைவி. கோர்வைப் புடவையை ஒருவர் மட்டும் நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். தேவேந்திரன்தான் அந்தக் கை. இருவருக்கும் மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே தறி. ஒருவர் இருமினால் மற்றவர் நாடாவை நிறுத்துவார். அத்தனை பழக்கம்.

அந்தத் தேவேந்திரனுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்யச் சென்னைக்குப் பஸ் ஏறுவார். உள்ளூர் எந்திரங்களில் அவருக்கு இடம் காலியாகவில்லை. போகும்போது கொஞ்சம் தெம்பு இருக்கும். திரும்பும்போது அதுவும் இருக்காது. அவர் போன நாளில் அம்சா பலகையில் உட்காருவாள். அவள் கை பழகாத கை. கரை கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும். மாணிக்கவேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

"அந்தப் பொண்ணு இன்னும் வரல போல" என்றாள் அம்சா. "இட்லி ஆறிக்கினு இருக்குது."

மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு, மந்தாரை இலையில் ஊற்றி அவித்த பெரிய இட்லி. சென்னையிலிருந்து வருகிற விருந்தாளிக்காக விடியற்காலையில் செய்தது. விருந்தாளி ஒரு ஏலக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். பெயர் சங்கீதா. ஒரு கேமராவை வாங்கிப் போக வருகிறாள்.

அந்தக் கேமரா தில்லையம்மாளுடையது. அவர் கணவர் கண்ணாயிரம் கல்யாண வீடுகளிலும் கோயில் உற்சவங்களிலும் படம் எடுத்தவர். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் எடுத்த படம் மாட்டாத வீடு குறைவு. அவர் இறந்த பிறகு கேமரா பீரோவில் இருந்தது. சின்ன காஞ்சிபுரத்துத் தர்ம ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், டயாலிசிஸ் எந்திரம்தான் இல்லை என்று தெருவில் பேச்சு வந்தபோது, தில்லையம்மாள் அதை எடுத்துவந்து படவேட்டம்மன் சந்நிதியில் வைத்துவிட்டார். விற்று வருவதை எந்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய தங்கை மகன் தினேஷ் அதைப் படம் பிடித்து ஏலக் கம்பெனிக்கு அனுப்பினான். வந்த பதிலைக் கேட்டுத் தெருவே வாயைப் பிளந்தது. அந்த மாதிரிக் கேமரா உலகத்தில் கொஞ்சம்தானாம். வெளிநாட்டில் இதற்கென்றே சேர்ப்பவர்கள் இருக்கிறார்களாம். ஒரு எந்திரம் என்ன, இரண்டே வாங்கலாமாம்.

கம்பெனியிலிருந்து ஆள் வரும்வரை கேமரா மாணிக்கவேல் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்தது. தெருக்கோயில் சாமான்களுக்கு அவர்தான் பொறுப்பு. கவசம், தீபம், மணி, தாம்பாளம் எதுவானாலும் திருவிழாவுக்கு முன்னால் அவர் கையால் துலங்கிவிட்டுத்தான் சந்நிதிக்குப் போகும். மங்கின பாத்திரத்தை அம்மன் முன்னால் வைத்ததாக ஒருவரும் சொல்ல முடியாது.

சங்கீதா வந்தபோது மழை தூறலாக இருந்தது. நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு, இட்லியைப் பார்த்துச் சிரித்து, இரண்டு துண்டு சாப்பிட்டாள். இந்த ஊர்ப் புடவை தன் அம்மாவிடம் ஒன்று இருக்கிறது என்று சொன்னாள். மாணிக்கவேல் கை கால் கழுவிவிட்டுப் பூஜை அலமாரியைத் திறந்து, ஒரு பட்டுத்துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, கற்பூரம் காட்டி அவளிடம் நீட்டினார்.

அவள் துண்டைப் பிரித்தாள்.

கேமராவின் மேல்மூடியும் கீழ்மூடியும் பொன்னாக மின்னின. இருட்டு வீட்டில் அந்த ஒளி அவள் முகத்தில் அடித்தது. மாணிக்கவேல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புடவையைப் பிரித்துக் காட்டும்போது வாங்க வந்தவர் முகத்தைப் பார்ப்பது போல.

அந்த முகத்தில் ஒன்றும் வரவில்லை. அவள் போனை எடுத்து, தினேஷ் அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"சார், இது அதே கேமராவா?"

"அதேதாம்மா. முலாம் போட்டேன். சொக்கத் தங்கம்."

"கருப்பு பெயின்ட் இருந்துச்சே சார்."

"அது எல்லாம் உரிஞ்சிக்கினு, பித்தளை தெரிஞ்சிக்கினு, பார்க்கவே நல்லா இல்லம்மா. சாமி காரியத்துக்குப் போறது. அப்படியே குடுக்கலாமா?"

அவள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள். மேல்மூடியில் வெட்டியிருந்த எண்ணை விரலால் தடவினாள். மெருகு ஏற்றியதில் பாதி எண் மழுங்கியிருந்தது.

"சார்" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "இந்தக் கேமரா கம்பெனி இந்த மாடலைக் கருப்பு பெயின்ட் அடிச்சுக் கொஞ்சம்தான் பண்ணினாங்க. அந்தப் பெயின்ட்டுக்குத்தான் சார் விலையே."

"அது உரிஞ்சு போயிருந்துதேம்மா."

"உரிஞ்சது தான் சார் வேணும். ஒருத்தர் கையிலயே இருந்து தேஞ்சதுன்னு அதை வச்சுத்தான் தெரியும். அதை யாராலயும் திரும்பப் பண்ண முடியாது."

மாணிக்கவேலுக்கு வார்த்தைகள் காதில் விழுந்தன. பொருள் பிறகுதான் வந்தது. வந்தபோது தாம்பாளம் சாய்ந்து, அதிலிருந்த விபூதி தரையில் கொட்டியது.

அம்சாதான் கேட்டாள். "அப்ப இது விக்காதாம்மா?"

லென்ஸுக்கு அடி இல்லை, அதற்கு ஒரு விலை வரும், ஆனால் அது எந்திரத்துக்குக் காணாது, தன் கம்பெனி ஏலத்தில் இதை இனி வைக்க மாட்டார்கள் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. எழுந்து போகும்போது மாணிக்கவேலைப் பார்த்து, நீங்கள் நல்லதுக்குத்தானே சார் செய்தீர்கள் என்றாள். அந்த வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் போனதும் அம்சா கேட்டாள். "தங்கம் ஏது?"

அவர் இடது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். அவள் அந்தக் கையைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தாள். கல்யாணத்தில் அவள் அப்பா போட்ட மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த வளையம் மட்டும் இருந்தது.

"வீரபத்திரன் கிட்ட குடுத்து உருக்கச் சொன்னேன்" என்றார். கோயில் கவசங்களுக்கு முலாம் பூசுகிறவர் வீரபத்திரன். மூடிகளைக் கழற்றி, காரத் தண்ணீரில் போட்டு, பெயின்ட் முழுவதும் எடுத்து, மெருகேற்றித் தங்கம் பூசிக் கொடுத்திருந்தார். சாமி காரியம் என்று கூலி வாங்கவில்லை. "தேவேந்திரனுக்காக நம்மளும் ஏதாச்சும் குடுக்கணும்னு தோணிச்சு. நம்ம கிட்ட வேற இன்னா இருக்குது?"

அம்சா திட்ட வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. முந்தானையால் கொட்டிய விபூதியைத் துடைத்தாள். அன்று மீதி நேரம் தறி ஓடவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தேவேந்திரன் வந்தார். ஊசி குத்திய கையில் கட்டு. நேரே வீட்டுக்குப் போகாமல் இங்கேதான் வருவார். ஒரு சொம்பு தண்ணீர் முழுதாகக் குடிக்கக்கூடாது என்பதால் அம்சா சின்ன டம்ளரில் பாதி கொடுப்பாள். அதை அவர் காபி மாதிரி ஊதி ஊதிக் குடிப்பார். அது அவர் செய்யும் வேடிக்கை.

அன்று டம்ளரை வாங்கிக்கொண்டு இருவரையும் பார்த்தார். "இன்னாம்மா அம்சா, எழவு விழுந்த வீடு மாதிரி இருக்குது. நான்தான் இன்னும் சாகலையே."

மாணிக்கவேல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்சாதான் எல்லாவற்றையும் சொன்னாள். மோதிரத்தையும் சொன்னாள். தேவேந்திரன் கையில் டம்ளர் அப்படியே இருந்தது. ஊதவில்லை, குடிக்கவில்லை.

அவர் நெஞ்சுக்குள் அப்போது என்ன உடைந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும் தெரியும். பஸ்ஸின் குலுக்கல் இல்லாமல், நடந்துபோய்ப் படுத்து எழுந்துவரலாம் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்த எந்திரம் அது.

"எங்கே, எடுத்தா பார்ப்போம்" என்றார் கடைசியில்.

அம்சா எடுத்து வந்தாள். அவர் அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"வீரபத்திரன் வேலை நல்லாத்தான் இருக்குது. அம்மனுக்குக்கூட இப்படி வழவழன்னு போட்டதில்ல அவன்."

"ண்ணா, வாயால என்னை ரெண்டு திட்டு ண்ணா" என்றார் மாணிக்கவேல், திரும்பாமலே.

"திட்டினா பெயின்ட் வருமாடா?"

"உனக்கு வர வேண்டியதை நான் கெடுத்துட்டேன்."

"கெடுத்தேதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்." தேவேந்திரன் கேமராவைத் தாம்பாளத்தில் வைத்தார். "வயிறு எரியுதுடா மாணிக்கம். பொய் சொல்லக்கூடாது, எரியுது. ஆனா உன் கூட உக்காந்து நாடா தள்ளினவன் நான். கரையில ஒரு இழை அறுந்தா நீ ராத்திரி தூங்க மாட்டே. உனக்குக் கறுப்பா ஒரு சாமான் குடுத்து, அதை அப்படியே வையின்னு சொல்லாம வுட்டது எங்க தப்பு." டம்ளரை எடுத்து ஊதினார். "நாளைக்குப் போய் தில்லையம்மா கிட்ட சொல்லிடு. ஊர் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லு. நானும் வரேன்."

"உன்னால நடக்க முடியாது ண்ணா."

"ஆட்டோ புடி. மோதிரத்தையே குடுத்தவன் ஆட்டோ புடிக்க மாட்டியா?"

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஆட்டோவில் தேவேந்திரன் சாய்ந்து உட்கார்ந்து, மாணிக்கவேல் ஓரத்தில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். தில்லையம்மாள் வாசலில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சுவர் முழுவதும் கண்ணாயிரம் எடுத்த படங்கள். ஏகாம்பரநாதர் தேர், வரதர் கருடசேவைக் கூட்டம், யார் யாரோ மாலையும் கழுத்துமாக.

மாணிக்கவேல் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சொல்லிவிட்டுத் துண்டைப் பிரித்தார்.

தில்லையம்மாள் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேமராவை எடுத்துத் திருப்பி, பின்பக்கம் வலது மூலையில் மேல்மூடியின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே கையை வைத்தார். தேடினார். மறுபடி வேறு பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இங்கதான்பா இருந்துது" என்றார்.

"என்னதும்மா?"

"அவரு கட்டைவிரலு."

இருவருக்கும் புரியவில்லை. தில்லையம்மாள் சொன்னார். படம் எடுக்கும்போதெல்லாம் கண்ணாயிரத்தின் கட்டைவிரல் அந்த மூலையில் அழுந்தியிருக்குமாம். நாளாக நாளாகப் பெயின்ட் தேய்ந்து, விரல் அளவுக்குப் பித்தளை தெரிந்துவிட்டது. அவர் இறந்த பிறகு, இந்த அம்மாள் வெள்ளிக்கிழமைகளில் பீரோவைத் திறந்து, அந்த இடத்தில் தன் விரலை வைத்துவிட்டு மூடுவாராம். கோயிலில் கொண்டுபோய் வைத்த அன்றும் அப்படி ஒருமுறை வைத்துவிட்டுத்தான் கொடுத்தாராம்.

விலை கெட்டதை மாணிக்கவேல் ஒரு நாள் முழுவதும் சுமந்து பார்த்திருந்தார். இது அவர் நினைத்தே பார்க்காதது. அந்த இடத்தை அவர்தான் வீரபத்திரனிடம் தொட்டுக் காட்டி, இங்கே ரொம்பத் தேய்ந்திருக்கிறது, நன்றாக மெருகு போடு என்று சொல்லியிருந்தார். அப்படியே தரையில் விழுந்து அந்த அம்மாளின் காலைத் தொட்டார்.

"எந்திரிப்பா" என்றார் தில்லையம்மாள். உள்ளே போய்விட்டார். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து இரண்டு டம்ளர் காபியும், தேவேந்திரனுக்கு அரை டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தார். அவருடைய அளவு அந்த அம்மாளுக்கும் தெரிந்திருந்தது.

"குடுத்தது குடுத்ததுதான்" என்றார். "சாமி முன்னாடி வச்சிட்டேன். இனிமே அது என்னுது இல்ல. தீபத்துக்கு மறுநாள் நம்ம கோயில் ஏலத்துல வுட்டுடுங்க. வர்றது வரட்டும்."

"அம்மா, நான் கோயில் பொறுப்பை வுட்டுடறேன். வேற யாரையாவது" என்று தொடங்கினார் மாணிக்கவேல்.

"ஏலத்துல தட்டை யாரு தூக்கிக்கினு சுத்துவாங்க?"

"நான்தாம்மா எப்பவும்."

"அப்ப நீயே தூக்கு."

தீபத்துக்கு மறுநாள் கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மழைக்குப் பயந்து தார்ப்பாய் கட்டியிருந்தது. அகல்களில் முந்தின நாள் எண்ணெய் மிச்சம் இருந்தது. அம்மனுக்குச் சாத்திய புடவையும், பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழங்களும் வழக்கம்போல் ஏலம் போயின. அந்தத் தெரு ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழத்தை எடுத்தவர், மனம் இருந்தால் திரும்பத் தட்டிலேயே வைத்துவிடலாம். அது மறுபடி ஏலத்துக்கு வரும். சாமிக்குச் சேருவது கூடும்.

கடைசியாக மாணிக்கவேல் கேமராவைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். இதற்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தங்கம் விளக்கொளியில் மின்னியது. அவர் தலை நிமிரவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். யாரும் கேட்கவில்லை. ஏலம் சொல்கிற பெரியவர் இரண்டு தரம் கூவிப் பார்த்தார். அம்சா தூணைப் பிடித்துக்கொண்டு, அம்மனைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இரண்டாம் சுற்று வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேவேந்திரன் கையைத் தூக்கினார். கட்டுப் போட்ட கை.

"ஒரு புடவைக் கூலி. என் பங்கு."

ஏலம் சொல்பவர் திகைத்தார். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "தேவேந்திரா, உனக்காகத்தானே இதெல்லாம்."

"எனக்கு மட்டும்தானா? ஐயம்பேட்டையிலேர்ந்து முனிசாமி என் கூடத்தான் பஸ்ஸுல வரான். அவன் நிலத்தை வித்துட்டான். கூவுங்க."

ஒரு புடவைக் கூலி, ஒரு தரம் என்று அவர் கூவினார். மேலே யாரும் போகவில்லை. தேவேந்திரன் கேமராவை வாங்கி, ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பத் தட்டில் வைத்தார்.

"திரும்ப வுடுங்க."

அப்போது பந்தலின் பின்பக்கத்திலிருந்து, நான் ஒரு புடவைக் கூலி என்று முலாம் பூசும் வீரபத்திரன் குரல் வந்தது. அவருக்குத் தறியே கிடையாது. நீ எந்தப் புடவையடா நெய்தாய் என்று யாரோ கேட்க, என் பொண்டாட்டி அடுத்த வீட்டுத் தறியில் நெய்கிறாள், அவளைக் கேட்டுக்கொள் என்றார். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் மூச்சு விட்டதுபோல் ஆயிற்று. அவரும் தட்டில் திரும்ப வைத்தார். பிறகு பக்கத்து வீட்டுக் கலைவாணி. பிறகு எதிர்சாரி வீடுகள். ஒரு தறிக்கு ஒரு புடவை. ஒவ்வொருவரும் எடுத்து, கண்ணில் ஒற்றி, திரும்ப வைத்தார்கள். யாரும் அடுத்தவரைவிடக் கூடுதலாகக் கேட்கவில்லை. அது ஏலம் மாதிரியே இல்லை. மாணிக்கவேல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கண்ணீர் வடிந்தது. துடைக்கக் கை இல்லை.

எல்லாம் முடிந்தபோது ஒரு எந்திரத்துக்குப் பாதிகூட வரவில்லை. லென்ஸைத் தனியாக விற்கலாமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம், மீதி தறியில் இருக்கிறது, தையில் இன்னொரு புடவை இறங்கும் என்று எதிர்சாரியிலிருந்து பதில் வந்தது. தேவேந்திரன் இன்னும் பல முறை பஸ் ஏறத்தான் வேண்டும். தை வரை அவர் உடம்பு தாங்க வேண்டும் என்று அம்சா அப்போதுதான் அம்மனைப் பார்த்துக் கேட்டாள்.

கேமரா தட்டிலேயே இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. ஏலம் சொல்பவர் தில்லையம்மாளைப் பார்த்தார். அவர் எழுந்து வந்து அதைக் கையில் எடுத்தார்.

"மாணிக்கவேலு, தட்டைக் கீழ வை. இந்தா, புடி. அதோ அவரு உக்காந்துக்கினு இருக்காரே, அவரைப் படம் எடு."

"எனக்குத் தெரியாதும்மா. இதுல ஃபிலிம் கூட இல்லை."

"இல்லைன்னா இன்னா. புடி."

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தில்லையம்மாள் அவருடைய வலது கட்டைவிரலைப் பிடித்து, பின்பக்க மூலையில் ஓரிடத்தில் சரியாக வைத்து அழுத்தினார். மாணிக்கவேல் கண்ணை வைத்துப் பார்த்தார். சின்னக் கண்ணாடிக்குள் தேவேந்திரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைத் துண்டால் மறைத்து, மாப்பிள்ளை மாதிரி மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

மாணிக்கவேல் பொத்தானை அழுத்த, சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் மாணிக்கவேல் பார்த்தார். வேர்த்த கை பட்டுத் தங்கத்தின் மேல் அவருடைய கட்டைவிரல் ரேகை மங்கலாகப் படிந்திருந்தது. பழக்கம் விடவில்லை. தோள் துண்டை எடுத்து அதைத் துடைக்கப் போனார்.

தில்லையம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துடைக்காதப்பா. இருக்கட்டும்."